கமிட் போட்டால் எல்லோருக்கும் போய்விடுமா? கிட்டில் சோதனை மாற்றங்களைக் கையாளுவது எப்படி

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வீட்டிலிருந்தே நிரல் எழுதும் பிள்ளைகளை இப்போது நிறையப் பார்க்கிறேன். வேலை கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ இருக்கும், ஆள் மலையில் இருப்பார். புதிதாகச் சேர்ந்தவர்களிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “அண்ணா, சும்மா ஒண்ணு செஞ்சு பாக்கறேன். கமிட் போட்டா டீம்ல எல்லாருக்கும் போயிடும்ல?”

போகாது. ஆனால் போய்விடும் என்ற பயத்தில் பலர் கமிட்டே போடாமல் வாரக்கணக்கில் மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். பிறகு ஒருநாள் மற்றவர்களின் வேலையை இறக்கப் போனால் கிட் மறுக்கும். அவசரத்தில் எங்கோ படித்த கட்டளையைத் தட்டுவார்கள். வாரக்கணக்கில் செய்தது போயே போய்விடும். இந்தக் கட்டுரை அந்தப் பயத்தைப் பற்றியது. பலரோடு பகிரும் ரெப்போவில் ‘செய்து பார்க்கும்’ மாற்றங்களை எங்கே வைப்பது, எப்போது வெளியே விடுவது, வேண்டாமென்றால் எப்படித் தூக்கிப் போடுவது என்பதைப் பார்ப்போம்.

ரெப்போ என்பது ஒரு மென்பொருளின் ஃபைல்களும், அவை தொடக்கத்திலிருந்து மாறிவந்த வரலாறும் சேர்ந்திருக்கும் சேமிப்பிடம். கிட் என்பது அந்த வரலாற்றைப் பராமரிக்கும் கருவி. அந்த வரலாற்றில் ஒரு பதிவைச் சேர்ப்பதுதான் கமிட். கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். தட்டச்சும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

## எடைப் பதிவேடு

சிறு விவசாயிகளிடம் தேயிலைக் கொழுந்து வாங்கும் ஒரு ஃபாக்டரி. சுற்றியுள்ள ஊர்களில் நான்கு இடங்களில் எடை போடுகிறார்கள். ஆபீஸில் ஒரு பதிவேடு இருக்கிறது. நான்கு எடைக்காரர்களிடமும் அதன் முழு நகல் ஒவ்வொன்று, முதல் பக்கத்திலிருந்து நேற்றைய பக்கம் வரை.

மழை நாளில் கொழுந்து நனைந்து வரும். ஈரத்துக்காக எடையில் கொஞ்சம் கழிப்பார்கள். ஒரு எடைக்காரருக்கு அந்தக் கழிவை வேறு விதமாகப் போட்டால் என்ன என்று தோன்றுகிறது. முதலில் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதிப் பார்க்கிறார். ரப்பர் வைத்து அழித்தால் தடமே இருக்காது. சரியாக வரும்போலத் தெரிந்தால் தன் நகலில் ஒரு தனித் தாளைக் கோத்து, பேனாவால் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வைக்கிறார். இனி அது பதிவு. இருந்தாலும் அவர் கையிலுள்ள நகலில்தான் இருக்கிறது. அந்தத் தாளை ஆபீஸுக்குக் கொடுத்தனுப்பினால்தான் அடுத்தவர் கண்ணில் படும். அனுப்பினாலும், “இது என் தனித்தாள், பார்த்துச் சொல்லுங்கள்” என்று அனுப்பலாம். “இனி எல்லோரும் இப்படியே கழியுங்கள்” என்றும் அனுப்பலாம்.

பென்சில் எழுத்துதான் கமிட் செய்யாத மாற்றம். பேனா எழுத்து கமிட். ஆபீஸுக்கு அனுப்புவது புஷ். தனித்தாள் பிராஞ்ச். எல்லோரும் பின்பற்றும் கணக்கோடு அதைச் சேர்ப்பது மெர்ஜ். புதியவர்கள் இந்த ஐந்தையும் ‘சேவ் பண்றது’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். குழப்பத்தில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

ஓர் இடத்தில் மட்டும் பதிவேடு பொருந்தாது. பேனாவால் எழுதியதைக் கிழித்து எழுதினால் ஆபீஸில் கேள்வி வரும். கிட்டில், வெளியே அனுப்பாத கமிட்டுகளைச் சேர்க்கலாம், பிரிக்கலாம், வரிசை மாற்றலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

## பயம் எங்கிருந்து வந்தது?

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. கிட்டுக்கு முன் பரவலாக இருந்த சிவிஎஸ், சப்வெர்ஷன் போன்ற கருவிகளில் வரலாறு முழுக்க ஒரே மைய சர்வரில்தான் இருக்கும். உங்கள் கணினியில் இருப்பது ஃபைல்களின் ஒரு பதிப்பு மட்டும். அங்கே கமிட் என்றால் நேராக மைய சர்வருக்குப் போவதுதான். அரைகுறை வேலையைப் பொது பிராஞ்சில் கமிட் செய்தால் மறுநாள் காலையில் டீமே திட்டும். அந்தக் காலத்தில் வேலை கற்றவர்கள் “முழுசா முடிச்சிட்டுத்தான் கமிட் போடணும்” என்று சொல்லிக் கொடுத்தது நியாயமானதே. கருவி மாறிய பிறகும் அறிவுரை மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

கிட்டின் பிறப்பு வேறு மாதிரி. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதியவர்கள் பிட்கீப்பர் என்ற தனியார் கருவியை இலவச அனுமதியில் பயன்படுத்திவந்தார்கள். 2005இல் அந்த அனுமதி நின்றுபோனது. அதே ஆண்டு ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். சில மாதங்களில் அதைப் பராமரிக்கும் பொறுப்பு ஜூனியோ ஹமானோவிடம் போனது. உலகெங்கும் சிதறிக் கிடக்கும் ஆட்கள், ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்காமல் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் தேவை. ஆகவே ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கும். கமிட், பிராஞ்ச், பழையதைப் புரட்டிப் பார்ப்பது எல்லாம் சொந்தக் கணினியிலேயே நடக்கும்.

மலையில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தாலோ ஒரு மரம் கம்பியில் சாய்ந்தாலோ நெட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும்வரை நீங்கள் கமிட் போட்டுக்கொண்டே இருக்கலாம். நெட் வந்ததும் ஒரு புஷ்.

## ஒரு மாற்றம் இருக்கக்கூடிய இடங்கள்

அந்தக் கொழுந்துக் கணக்கையே நான்கு பேர் மென்பொருளாக எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அதில் ஒருவர். ஈரத்துக்கு 5 சதவீதம் கழிக்கும் இடத்தில் 8 போட்டுப் பார்க்கிறீர்கள். எடிட்டரில் சேவ் செய்கிறீர்கள்.

இப்போது அந்த 8 இருப்பது வேலைக் கோப்புறையில், அதாவது நீங்கள் கண்ணால் பார்க்கும் ஃபோல்டரில். கிட் அதை இன்னும் எங்கேயும் சேமிக்கவில்லை. ‘கிட் ஸ்டேட்டஸ்’ என்று கேட்டால் “இந்த ஃபைல் மாறியிருக்கிறது” என்று மட்டும் சொல்லும்.

‘கிட் ஆட்’ கொடுத்தால் அந்த மாற்றம் ஸ்டேஜிங் பகுதிக்குப் போகிறது. அடுத்த கமிட்டில் எவையெவை இடம்பெற வேண்டும் என்று தேர்ந்து வைக்கும் இடம் அது. பலருக்கு இது வீண் சடங்காகத் தெரியும். சோதனை மாற்றங்களைப் பிரித்தெடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. கொஞ்சம் கழித்து அதற்கு வருகிறேன்.

‘கிட் கமிட்’ கொடுத்தால், தேர்ந்தெடுத்த நிலையில் புராஜெக்ட் முழுவதன் ஒரு படம் பதிவாகிறது. மாறாத ஃபைல்களைத் திரும்ப எழுதுவதில்லை, பழையதையே சுட்டிக்காட்டிவிடும். அந்தக் கமிட்டுக்கு 40 எழுத்து நீளத்தில் ஓர் அடையாளப் பெயர் கிடைக்கிறது. உள்ளே இருப்பதை வைத்துக் கணக்கிட்ட பெயர் அது. ஓர் எழுத்து மாறினாலும் பெயர் மாறிவிடும். எந்தக் கமிட்டுக்கு அடுத்து இது வந்தது என்பதும் உள்ளேயே எழுதப்பட்டிருக்கும். இத்தனையும் உங்கள் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் ‘.கிட்’ என்று மறைந்திருக்கும் ஃபோல்டரில் நடக்கிறது. சர்வருக்கு ஒரு தகவலும் போகவில்லை.

கடைசியாக ‘கிட் புஷ்’. இதில்தான் கமிட்டுகள் பகிரப்பட்ட ரெப்போவுக்குப் போகின்றன. கமிட் ஆகாதது எதுவும் புஷ்ஷில் போகாது.

ஆக, மாற்றம் வேலைக் கோப்புறை, ஸ்டேஜிங், உங்கள் கமிட், பகிர்ந்த ரெப்போ என்ற நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கிறது. மற்றவர்கள் பார்ப்பது நான்காவதை மட்டும். கிட் பத்திரமாக வைத்துக்கொள்வது மூன்றாவதிலிருந்துதான். சோதனை செய்பவர் தங்கவேண்டிய இடம் அந்த மூன்றாவது.

## பிராஞ்ச்: 41 பைட் சமாச்சாரம்

பிராஞ்ச் என்றால் புராஜெக்ட்டின் இன்னொரு நகல் என்று நினைப்பவர்கள் அதிகம். “இந்தச் சின்ன விஷயத்துக்கு எதுக்கு அண்ணா தனி பிராஞ்ச்?” என்று தயங்குவது அதனால்தான். உண்மையில் பிராஞ்ச் என்பது ஒரு கமிட்டைச் சுட்டும் பெயர், அவ்வளவுதான். புதிதாக உருவாக்கிய பிராஞ்சை ‘.கிட்’ ஃபோல்டருக்குள் தேடிப் பார்த்தால், வழக்கமாக ஒரு சின்ன ஃபைல் இருக்கும். அதில் அந்த 40 எழுத்தும் வரி முடிவுக்குறி ஒன்றும், மொத்தம் 41 பைட். நீங்கள் புதிய கமிட் போடும்போது அந்தப் பெயர் ஒரு படி முன்னே நகரும்.

செலவே இல்லை என்பதால் கஞ்சத்தனம் வேண்டாம். சோதனை தொடங்கும்போதே ‘கிட் ஸ்விட்ச் -சி சோதனை/ஈரக்கழிவு’ என்று ஒரு பிராஞ்ச் போட்டுவிடுங்கள் (பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் டீமுக்கு வசதி). ‘ஸ்விட்ச்’ கட்டளை 2019இல் வந்த 2.23 பதிப்பிலிருந்து இருக்கிறது. பழைய பாடங்களில் அதே வேலைக்கு ‘செக்அவுட்’ என்று இருக்கும்.

இங்கே எல்லோரும் ஒருமுறையாவது தடுக்கி விழும் ஒரு கல் இருக்கிறது. சோதனை பிராஞ்சில் 8 என்று மாற்றுகிறீர்கள், கமிட் போடவில்லை. மெயினுக்கு, அதாவது எல்லோருக்கும் பொதுவான முதன்மை பிராஞ்சுக்குத் திரும்புகிறீர்கள். பார்த்தால் அங்கேயும் 8! “பிராஞ்ச் மாத்தியும் மாற்றம் கூடவே வந்துடுச்சே, கிட் கெட்டுப்போச்சா?” என்று கேட்பார்கள். கெடவில்லை. கமிட் ஆகாத மாற்றம் எந்த பிராஞ்சுக்கும் சொந்தமில்லை; அது வேலைக் கோப்புறைக்குச் சொந்தம். வேலைக் கோப்புறை ஒன்றுதான், நீங்கள் எந்த பிராஞ்சில் நின்றாலும். நீங்கள் மாற்றிய ஃபைல் இரண்டு பிராஞ்சிலும் ஒரேமாதிரி இருந்தால் கிட் உங்கள் மாற்றத்தைக் கூடவே எடுத்து வரும். அந்த ஃபைல் பிராஞ்சுக்கு பிராஞ்ச் வேறுபட்டிருந்தால், “உங்கள் மாற்றம் அழிந்துவிடும்” என்று சொல்லி பிராஞ்ச் மாற மறுத்துவிடும். அந்த மறுப்பு உங்கள் நன்மைக்குத்தான். அதைப் பார்த்ததும் வற்புறுத்தும் கட்டளைகளைத் தேடி ஓடாதீர்கள்.

மாறுவதற்கு முன் ஒரு கமிட் போட்டால் இந்தப் பிரச்சினை வராது. செய்தி அழகாக இருக்கத் தேவையில்லை. “சோதனை, பாதியில்” என்று எழுதினாலும் போதும். பகிரும் முன் சரிசெய்துகொள்ளலாம்.

## ஒரே ஃபைலில் மூன்று மாற்றம்

நிஜத்தில் சோதனை இவ்வளவு சுத்தமாக இருக்காது. நான் பார்த்தவரை வழக்கம் இப்படித்தான்: கணக்குப் போடும் ஃபைலில் 12ஆம் வரியில் டேட்டாபேஸ் முகவரியை உங்கள் லேப்டாப்புக்கு மாற்றியிருப்பீர்கள். 40ஆம் வரியில் 5ஐ 8 ஆக்கியிருப்பீர்கள். 43ஆம் வரியில் விடை சரியா என்று பார்க்க ஒரு பிரிண்ட் வரி, அதில் “வந்துச்சு வந்துச்சு” என்று ஏதாவது எழுதியிருக்கும். டீமுக்குப் போக வேண்டியது 40ஆம் வரி மட்டும்.

‘கிட் ஆட்’ என்று ஃபைல் பெயரைக் கொடுத்தால் மூன்றும் சேர்ந்து ஏறிவிடும். ‘கிட் ஆட் -பி’ என்று கொடுத்துப் பாருங்கள். கிட் மாற்றங்களைத் துண்டு துண்டாகத் திரையில் காட்டி, ஒவ்வொன்றுக்கும் ஏற்றட்டுமா என்று கேட்கும். முதல் துண்டு 12ஆம் வரி. நீக்கியது சிவப்பிலும் சேர்த்தது பச்சையிலும் தெரியும். வேண்டாம், ‘என்’ அழுத்துங்கள். அடுத்த துண்டில் 40உம் 43உம் சேர்ந்தே வரும், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால். ‘எஸ்’ அழுத்தினால் அதை இரண்டாகப் பிரிக்கும் (நடுவில் மாறாத வரி ஒன்றாவது இருந்தால்தான் பிரிக்க முடியும்). இப்போது 40க்கு ‘ஒய்’, 43க்கு ‘என்’. முடிந்தது. ‘கிட் டிஃப் --ஸ்டேஜ்டு’ கொடுத்துப் பார்த்தால் கமிட்டுக்குப் போகப் போவது 5, 8 இரண்டு வரி மட்டுமே என்பது தெரியும்.

கமிட்டுக்கு முன் இந்த ஒரு பார்வை பார்க்கும் பழக்கம் இருந்தால், வேறு எந்த விதியும் தெரியாவிட்டாலும் பாதி விபத்துகள் நடக்காது. ‘கிட் ஆட் .’ என்று புள்ளி வைத்து மொத்தமாக ஏற்றும் பழக்கம்தான் பிரிண்ட் வரிகளையும் பாஸ்வேர்டுகளையும் ஊருக்கே காட்டிக் கொடுக்கிறது.

## ஸ்டாஷ்

சோதனையின் நடுவில் போன் வருகிறது: “மெயின்ல ஒரு பிழை, உடனே பாரு.” கையில் இருப்பதை ஓரம் வைக்க ‘கிட் ஸ்டாஷ்’ இருக்கிறது. கமிட் ஆகாத மாற்றங்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, வேலைக் கோப்புறையைக் கடைசிக் கமிட் நிலைக்குக் கொண்டுவரும். ‘கிட் ஸ்டாஷ் பாப்’ கொடுத்தால் திரும்ப எடுத்துப் போடும்.

பத்து நிமிட இடைவெளிக்கு அருமையான கருவி. அதற்கு மேல் நான் இதை நம்புவதில்லை. புதிதாக உருவாக்கி இன்னும் ஒருமுறைகூட ‘ஆட்’ செய்யாத ஃபைல்களை ஸ்டாஷ் தொடாது. ‘-யூ’ சேர்த்துக் கொடுத்தால்தான் எடுக்கும். இது தெரியாமல் “எல்லாம் ஓரம் வைத்தாயிற்று” என்று நம்பி, மிச்சம் கிடந்த ஃபைலை வேறு கமிட்டில் ஏற்றுவது அடிக்கடி நடக்கிறது. அடுத்து, ஸ்டாஷ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். பட்டியலைப் பார்த்தால் எந்த பிராஞ்சிலிருந்து வந்தது என்பது இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பது மூன்று வாரம் கழித்து உங்களுக்கே நினைவிருக்காது. ‘கிட் ஸ்டாஷ் புஷ் -எம்’ என்று ஒரு குறிப்போடு வைத்தால் கொஞ்சம் தேவலை. ஸ்டாஷ் சாதாரண புஷ்ஷில் சர்வருக்குப் போகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், கிட் ஸ்டாஷை உள்ளுக்குள் கமிட்டாகத்தான் சேமிக்கிறது, பிராஞ்ச் பெயர் மட்டும் இல்லாமல். எப்படியும் கமிட்தான் உண்டாகிறது என்றால், பெயரோடும் குறிப்போடும் ஒரு பிராஞ்சிலேயே போட்டுவிடுவது மேல்.

அவசர வேலை நீளும் என்று தெரிந்தால் ‘கிட் வொர்க்ட்ரீ ஆட்’ இருக்கிறது. 2015இல் 2.5 பதிப்பில் வந்தது. அதே ரெப்போவிலிருந்து இன்னொரு வேலைக் கோப்புறையைப் பக்கத்தில் திறந்து கொடுக்கும். ஒரு ஃபோல்டரில் சோதனை கலையாமல் கிடக்கும், மற்றொன்றில் பிழையைத் திருத்தலாம். வரலாறு இரண்டுக்கும் பொது. ஒரே பிராஞ்சை இரண்டு இடத்திலும் திறக்க மட்டும் விடாது.

சுருக்கமாக: சில நிமிடத்துக்கு ஸ்டாஷ், அதற்கு மேல் பிராஞ்சில் கமிட், இரண்டு வேலையும் ஒரே நேரம் ஓட வேண்டுமென்றால் வொர்க்ட்ரீ.

## உங்கள் கணினிக்கு மட்டுமானவை

12ஆம் வரி இன்னும் பாக்கி இருக்கிறது. டேட்டாபேஸ் முகவரி சோதனை அல்ல. அது உங்கள் லேப்டாப்பில் என்றைக்கும் அப்படித்தான் இருக்கும், டீமுக்கு என்றைக்கும் போகக் கூடாது. இதையும் சோதனையையும் ஒரே வகையாக நினைப்பது அடுத்த பெரிய குழப்பம். சோதனைக்கு பிராஞ்ச் மருந்து. சொந்த அமைப்புக்கு பிராஞ்ச் உதவாது.

“அந்த ஃபைலை .கிட்இக்னோரில் போட்டுவிடு” என்று யாராவது சொல்வார்கள். புறக்கணிக்க வேண்டிய ஃபைல்களின் பட்டியல் அது. ஆனால் ரெப்போவில் ஏற்கெனவே இருக்கும் ஃபைலை அது தடுக்காது. இதுவரை கிட் கண்காணிக்காத ஃபைல்களுக்கு மட்டுமே செல்லும். இன்னும் கொஞ்சம் தேடினால் ‘அஸ்யூம்-அன்சேஞ்ச்டு’, ‘ஸ்கிப்-வொர்க்ட்ரீ’ என்று இரண்டு மந்திரங்கள் கிடைக்கும். மாற்றத்தைக் கிட் பார்க்காதபடி செய்வதுபோலத் தோன்றும். இரண்டும் இந்த வேலைக்காக உருவானவை அல்ல. கண்காணிக்கும் ஃபைலின் மாற்றத்தைப் புறக்கணிக்கக் கிட்டில் வழி இல்லை என்று கிட்டின் சொந்த ஆவணமே சொல்கிறது. வேறொருவர் அந்த ஃபைலை மாற்றும் நாளில் ‘புல்’ செய்யும்போது (அதாவது மற்றவர்களின் வேலையைப் பகிர்ந்த ரெப்போவிலிருந்து இறக்கும்போது) விசித்திரமான பிழைகள் வரும், காரணமும் கண்ணுக்குத் தெரியாது.

ஒழுங்கான வழி, முகவரியை நிரலிலிருந்து வெளியே எடுப்பது. ரெப்போவில் ‘கன்ஃபிக்.எக்ஸாம்பிள்’ போன்ற ஒரு மாதிரி ஃபைல் மட்டும் இருக்கட்டும். அதை ஒவ்வொருவரும் தம் கணினியில் ‘கன்ஃபிக்’ என்று நகல் எடுத்துத் தம் முகவரியை எழுதிக்கொள்ளட்டும். அந்த ‘கன்ஃபிக்’ மட்டும் .கிட்இக்னோரில் போகட்டும். டீமே சேர்ந்து ஒருமுறை செய்ய வேண்டிய மாற்றம் இது. ஏற்கெனவே கண்காணிப்பில் இருக்கும் ‘கன்ஃபிக்’ஐ ‘கிட் ஆர்எம் --கேஷ்டு’ கொண்டு விலக்கினால் உங்கள் கணினியில் ஃபைல் இருக்கும். மற்றவர்கள் அடுத்து புல் செய்யும்போது அவர்கள் கணினியிலிருந்து அழிந்துபோகும். ஆகவே முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

உங்களுக்கு மட்டுமேயான குறிப்பு ஃபைல், சும்மா எழுதிப் பார்க்கும் ஸ்கிரிப்ட் போன்றவற்றைப் பொதுப் பட்டியலில் சேர்த்து மற்றவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. ‘.கிட்’ ஃபோல்டருக்குள் ‘இன்ஃபோ’வில் ‘எக்ஸ்க்ளூட்’ என்று ஒரு ஃபைல் இருக்கிறது. அதே வடிவத்தில் அங்கே எழுதினால் உங்கள் கணினியோடு நின்றுவிடும்.

பாஸ்வேர்டு தவறிப்போய் புஷ் ஆகிவிட்டால், அடுத்த கமிட்டில் அழிப்பது போதாது. பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். முதல் வேலை பாஸ்வேர்டை மாற்றுவது. வரலாற்றைச் சுத்தம் செய்வதெல்லாம் அப்புறம்.

## மெயின் நகர்ந்துகொண்டே இருக்கும்

நீங்கள் சோதனை செய்துகொண்டிருக்கும்போது மற்ற மூவரும் சும்மா இருக்க மாட்டார்கள். இரண்டு வாரம் தனியாகவே இருந்துவிட்டு ஒரே நாளில் சேர்க்க நினைத்தால், ஒரே வரியை இருவர் வெவ்வேறாக மாற்றியிருக்கும் முரண் வரும். அதுதான் கான்ஃப்ளிக்ட். எது சரி என்று கிட்டுக்குத் தெரியாது, நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். சின்ன சின்னதாக வந்தால் ஐந்து நிமிட வேலை. சேர்ந்து வந்தால் ஒரு நாள் போய்விடும். அதனால் அவ்வப்போது மெயினை உங்கள் பிராஞ்சுக்குள் கொண்டுவாருங்கள்.

அதற்கு இரண்டு வழி. மெர்ஜ் செய்தால் இரண்டு வரலாறும் ஒரு புதிய கமிட்டில் சந்திக்கும். பழைய கமிட்டுகள் அப்படியே இருக்கும். ரீபேஸ் செய்தால் உங்கள் கமிட்டுகளைப் பிரித்தெடுத்து, மெயினின் இன்றைய முனைக்கு மேல் ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதும். வரலாறு நேர்கோடாகத் தெரியும். ஆனால் திரும்ப எழுதியவை புதிய கமிட்டுகள், பெயரும் புதிது. அதனால் பிராஞ்ச் உங்களிடம் மட்டும் இருக்கும்வரை ரீபேஸ் தாராளமாகச் செய்யலாம். அந்த பிராஞ்சை இன்னொருவர் இறக்கி அதன் மேல் வேலை செய்யத் தொடங்கிவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள். அவரிடம் பழைய பெயர்களும் உங்களிடம் புதிய பெயர்களும் இருக்கும். ஒரே வேலை இரண்டு முறை வரலாற்றில் வந்து நிற்கும்.

புஷ்ஷைப் பற்றியும் ஒரு பயம் உண்டு. பிராஞ்சை அதன் சொந்தப் பெயரிலேயே புஷ் செய்தால் அது மெயினைத் தொடாது, சர்வரில் தனிப் பெயரில் போய் உட்காரும். யாராவது மெர்ஜ் செய்தால்தான் மெயினுக்குப் போகும். கமிட் எத்தனை போட்டாலும் உங்கள் லேப்டாப்பில் மட்டும் இருக்கும்வரை ஆபத்துதான். இங்கே மின்சாரம் போய் வரும் வேகத்துக்கும், குளிர்காலத்து ஈரப்பதத்துக்கும் லேப்டாப் எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது. மாலையில் வேலையை நிறுத்தும் முன் சோதனை பிராஞ்சைப் புஷ் செய்துவிட்டால் டிஸ்க் போனாலும் வேலை போகாது. ரீபேஸுக்குப் பிறகு புஷ் செய்யும்போது கிட் மறுக்கும், ‘--ஃபோர்ஸ்’ கொடுக்கத் தோன்றும். அதற்குப் பதில் ‘--ஃபோர்ஸ்-வித்-லீஸ்’ கொடுங்கள். நீங்கள் கடைசியாகப் பார்த்த பிறகு வேறு யாராவது அங்கே எதையாவது சேர்த்திருந்தால் அது நின்றுவிடும். அடுத்தவர் வேலை அழியாது.

## சோதனை பலிக்கவில்லை என்றால்

8 சதவீதம் ஒத்துவரவில்லை. மெயினுக்குத் திரும்பி, ‘கிட் பிராஞ்ச் -டி’ என்று பெரிய எழுத்து ‘டி’ போட்டு அந்த பிராஞ்சை நீக்கிவிடுங்கள். அழிப்பது அதன் பெயரை மட்டும்தான். கமிட்டுகள் சிறிது காலம் உள்ளே கிடக்கும். நீங்கள் எந்தெந்தக் கமிட்டில் நின்றீர்கள் என்பதைக் கிட் உங்கள் கணினியில் ஒரு நாட்குறிப்பில் எழுதி வைக்கிறது. அதற்கு ரெஃப்லாக் என்று பெயர். எந்த பிராஞ்சிலிருந்தும் எட்ட முடியாத கமிட்டுகளின் குறிப்பை அது இயல்பாக 30 நாளும், மற்றவற்றை 90 நாளும் வைத்திருக்கும். அடுத்த வாரம் மேலாளர், “அந்த 8 சதவீதக் கணக்கு இருக்கா?” என்று கேட்டால் ‘கிட் ரெஃப்லாக்’ கொடுத்து அந்தக் கமிட்டின் பெயரைப் பிடித்து, அதன் மேல் புதிய பிராஞ்ச் ஒன்று போட்டால் எல்லாம் திரும்பிவிடும்.

கமிட் ஆகாத மாற்றத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. ‘கிட் ரெஸ்டோர்’ ஃபைலைப் பழைய நிலைக்குத் திருப்பும்; நீங்கள் மாற்றியதைக் கேள்வி கேட்காமல் அழித்துவிடும். ‘கிட் ரீசெட் --ஹார்டு’ மொத்த ஃபோல்டருக்கும் அதைச் செய்யும். ‘கிட் கிளீன் -எஃப்’ கிட் கண்காணிக்காத ஃபைல்களையே நீக்கிவிடும். ரெஃப்லாக்கில் இவற்றின் தடம் இருக்காது, ஏனென்றால் அவை ஒருபோதும் கமிட்டாக இருந்ததில்லை. கிளீன் கொடுக்கும் முன் ‘-என்’ சேர்த்து ஒருமுறை ஓட்டினால் எதையெதை நீக்கப் போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும். பட்டியலை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் நிஜமாகக் கொடுங்கள்.

சோதனை பலித்துவிட்டால் வேலை கொஞ்சம் கூடுதல். “சோதனை, பாதியில்”, “மறுபடி பார்த்தேன்”, “இதுவும் சரியில்லை” என்று எட்டுக் கமிட் இருக்கும். ‘கிட் ரீபேஸ் -ஐ’ கொடுத்தால் அவற்றை ஒரு பட்டியலாகக் காட்டும். சேர்க்க வேண்டியதைச் சேர்த்து, ஒரே கமிட்டாக்கி, நல்ல செய்தி எழுதலாம். “மழை நாள் ஈரக் கழிவு 5லிருந்து 8 சதவீதமாக மாற்றம், காரணம் இது” என்று எழுதி டீமின் பார்வைக்கு அனுப்புங்கள். சில டீம்களில் இப்படி ஒன்றாக்கும் வேலையை மெர்ஜ் செய்யும் நேரத்தில் சர்வரே செய்துவிடும். சேரும் முதல் நாளே உங்கள் டீமின் வழக்கம் எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.